நாளைக்கும் வெட்ட வேண்டிய கத்தி

யாழ்ப்பாணப் பத்திரிகைகளில் இந்தப் பத்துப் பதினைந்து ஆண்டுகளாக அடிக்கடி வருகிற படம் ஒன்று இருக்கிறது. பொலிஸ் நிலைய மேசை, அதன்மேல் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக அடுக்கிய வாள்கள். வாள்வெட்டுச் செய்தியோடு வரும் படம். ஆட்கள், ஊர், காரணம் எல்லாம் கீழே எழுத்தில் இருக்கும். எனக்கு என்னவோ கண் முதலில் அந்த விளிம்புகளுக்குத்தான் போகிறது. லொறி ஸ்பிறிங் தகட்டையோ வேறேதும் பட்டை இரும்பையோ வளைவாக அறுத்து, கைமெசினால் ஒரு பக்கத்தை உரசிவிட்டிருப்பார்கள். உரசிய கோடுகள் ஒழுங்கில்லாமல் ஏறி இறங்கும். கைப்பிடிக்கு இரண்டு மரத்துண்டு, அல்லது சுற்றிய ரேப். அவற்றில் எதுவும் உலையில் ஒழுங்காகத் தோய்ந்து வந்ததாக எனக்குப் படுவதில்லை. தோய்க்க வேண்டிய தேவையும் இல்லை. இந்த இரும்பிடம் நாளைக்கும் வெட்டு என்று எவரும் கேட்கப்போவதில்லை. ஒருநாள் இரவுக்குப் போதும். பிறகு கிணற்றுக்குள்ளோ பற்றைக்குள்ளோ போய்விடும். இந்த எண்ணம் வந்த நாளிலிருந்து ஒரு கத்தி கூரை எவ்வளவு நாளைக்கு வைத்திருக்கும் என்ற சாதாரணக் கேள்வி எனக்கு அவ்வளவு சாதாரணமாக இல்லை. கூர் நிற்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு, திரும்பத் திரும்ப வேலைக்குப் போகிற இரும்பின் மேல்தான் விழுகிறது. அப்படியென்றால் அது இரும்பின் குணமா, வேலையின் குணமா?

உரும்பிராயில் எங்கள் குசினியில் இருக்கிற கத்திகளைப் பார்த்துக்கொண்டே இதை யோசிக்கிறேன். கத்தி மொட்டையாவதற்கு நாலைந்து வழி உண்டு. இரும்பு மெதுவாக இருந்தால் விளிம்பு ஒரு பக்கம் மடிந்து படுத்துவிடும். நகத்தை ஓட்டினால் ஒரு பக்கம் வழுக்கும், மறுபக்கம் தடுக்கும். இரும்பு வன்மையாக இருந்து நொருங்குகிற குணமும் சேர்ந்திருந்தால் மடியாது, சிறு சில்லுகளாகக் கழன்று பல்லுப் போகும். இரண்டும் நடக்காவிட்டாலும், வெட்டப்படும் பொருளிலுள்ள மணல் அதை மெல்ல மெல்லத் தின்னும். தேசிக்காயை வெட்டிவிட்டுக் கழுவாமல் வைத்தால், பழைய காபன் இரும்பில் அந்தப் புளிப்பே ஒரு இரவில் நுனியை அரித்துவிடும். நுனி என்று நாம் சொல்கிற இடத்தின் தடிப்பு, நன்றாகத் தீட்டிய கத்தியில், ஒரு மைக்ரோனுக்கும் குறைவு. அரிப்பதற்கு அங்கே அதிகம் ஒன்றும் இல்லை. அந்த நுனிக்குப் பின்னால் இருப்பது கோணத்தின் பொறுப்பு. இரண்டு பக்கமும் 15 பாகையாகத் தீட்டிய விளிம்பில், நுனியிலிருந்து அரை மில்லிமீற்றர் பின்னுக்கு வந்தால் தடிப்பு ஏறத்தாழ 0.27 மில்லிமீற்றர். பக்கத்துக்கு 25 பாகையாகத் தீட்டினால் அதே இடத்தில் 0.47. பூசணிக்காய் இந்த வித்தியாசத்தை உடனே சொல்லும். நுனி கொஞ்சம் தேய்ந்தாலும் மெல்லிய விளிம்பு இறங்கிக்கொண்டே போகும். தடித்த விளிம்பு புதிதாகத் தீட்டியதாக இருந்தாலும் ஆப்பாக நின்று காயைப் பிளக்கும். ஆகவே, கூர் போய்விட்டது என்று நாம் சலித்துக்கொள்கிற பல நேரங்களில் போனது கூர் இல்லை. ஆண்டுக்கணக்கில் நுனியை மட்டும் உரசி உரசி, கத்தியின் தடித்த உடம்புக்குள் விளிம்பைப் பின்னேற்றிக் கொண்டுவந்திருக்கிறோம்.

இரும்பின் வன்மையைத் தீர்மானிப்பவர் கொல்லர். அதை அவர் ஒருமுறைதான் தீர்மானிக்க முடியும். சந்தியிலிருந்து கொஞ்சம் உள்ளே இருக்கிற பட்டறையில், கத்தி ஒன்று அடித்துத்தாருங்கள் என்று போனால் அவர் கேட்கிற முதல் கேள்வி, "கோழி வெட்டவோ, மரக்கறி வெட்டவோ? அதை முதல்ல சொல்லு தம்பி." விலை பிறகு. இரும்பு என்னவென்று நாங்கள் கேட்பதில்லை. அநேகமாக லொறி ஸ்பிறிங் தகடுதான். நூற்றுக்கு 0.6 அளவில் காபன் உள்ள உருக்கு அது. லொறிக்குக் கீழே இருக்கும்போது வளைந்து நிமிர வேண்டும் என்பதால் அதன் வன்மையை றொக்வெல் அளவில் 40களில் வைத்திருப்பார்கள். உலையில் சிவக்கக் காய்ச்சித் திரும்பத் தோய்த்தால் 55ஐத் தாண்டும். காந்தம் ஒட்டாத நிலைக்குச் சூடேற வேண்டும். அது ஏறத்தாழ 770 பாகை செல்சியஸ், அதற்கும் சற்று மேலே. பட்டறைக்குள் எப்போதும் இருட்டாக இருப்பதற்குக் காரணம் வறுமை மட்டும் என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன். வெயிலில் அந்தச் சிவப்பின் படிகள் கண்ணுக்குத் தெரியாது. தோய்த்தவுடன் இரும்பு கண்ணாடிக்குணம் கொண்டுவிடும். கீழே விழுந்தால் முறியலாம். ஆகவே திரும்பவும் மெல்லச் சூடாக்குவார். மினுக்கிய பக்கத்தில் நிறம் ஓடும். 220, 230 பாகையில் வைக்கோல் மஞ்சள், பிறகு மண்ணிறம், ஊதா, 300ஐ நெருங்கும்போது நீலம். மஞ்சளில் நிறுத்தினால் விளிம்பு வன்மையாக நிற்கும். நீலம்வரை விட்டால் எலும்பில் விழுந்தாலும் முறியாது, ஆனால் கெதியாக மடியும். கோழியோ மரக்கறியோ என்ற கேள்விக்குப் பதில் இந்த மஞ்சளுக்கும் நீலத்துக்கும் இடையில் எங்கோ இருக்கிறது. பிறகு அரத்தை எடுத்து விளிம்பில் ஒருதரம் ஓட்டிப்பார்ப்பார். அரம் கடித்தால் ஒரு முகம், வழுக்கினால் இன்னொரு முகம். ஹியூ றொக்வெல், ஸ்ரான்லி றொக்வெல் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1914இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த கருவி, வைரக் கூம்பை 150 கிலோகிராம் பாரத்தோடு இரும்பில் அழுத்தி, அது இறங்கிய ஆழத்தைப் பார்த்து ஒரு எண் தரும். அரம் எண் தராது. தருவதெல்லாம் கைக்கு ஒரு தகவல்.

எண் வந்தபிறகு எல்லாரும் எண்ணைத்தான் வாங்குகிறார்கள். ஜேர்மன் கத்தி 56, ஜப்பான் கத்தி 61, 63 என்று வெளிநாட்டுச் சொந்தங்கள் தொலைபேசியில் கதைக்கும்போது, காணியின் பரப்புச் சொல்வதுபோல ஒரு தொனி இருக்கும். கோணத்தை ஒருவரும் சொல்வதில்லை. ஷெஃபீல்டில் கத்தித் தொழிலுக்கென்றே ஓர் ஆய்வு நிறுவனம் இருக்கிறது; கற்றா என்பார்கள். அங்குள்ள கருவி, 5 விழுக்காடு அளவில் சிலிக்கா கலந்த அட்டைக் கட்டை, கத்தி விளிம்பின்மேல் ஒரே அழுத்தத்தில் திரும்பத் திரும்ப இழுத்து வெட்டவைத்து, மொத்தம் எவ்வளவு வெட்டியது என்று கணக்கெடுக்கும். லாரின் தாமஸ் என்ற அமெரிக்க உருக்கியல் அறிஞர் இந்த வகைச் சோதனைகளில் பல உருக்குகளையும் பல கோணங்களையும் வைத்துப் பார்த்து ஒரு சமன்பாடு தந்திருக்கிறார். அதன்படி, முழுக் கோணத்தில் ஒரு பாகை குறைப்பது றொக்வெல்லில் ஒரு எண் கூட்டுவதைவிடச் சற்றுக் கூடிய பலன் தருகிறது. றொக்வெல்லில் ஐந்து எண் கூட்டுவதற்குப் புதுக் கத்தி வாங்க வேண்டும். ஐந்து பாகை குறைப்பதற்கு மணிக்கட்டைக் கொஞ்சம் தாழ்த்தினால் போதும். நாற்பது மில்லிமீற்றர் அகலமான கத்தியின் முதுகைக் கல்லிலிருந்து ஒரு சென்ரிமீற்றர் தூக்கிப்பிடித்தால் ஏறத்தாழ 15 பாகை. ஒன்றரைக்குக் கொஞ்சம் குறையத் தூக்கினால் 20. காசில்லாத கணக்கு இது. ஆனால் இங்கே நான் உற்சாகப்பட்டு ஓடிவிடக் கூடாது. மெல்லிய கோணத்தை எந்த இரும்பும் தாங்குமா? மெதுவான இரும்பில் 12 பாகை வைத்தால் முதல் வெங்காயத்துக்கு நிற்கும், மூன்றாவதில் மடியும். கோணத்தைத் தாழ்த்தும் உரிமையை இரும்பின் வன்மையும் உரமும் சேர்ந்துதான் கொடுக்கின்றன. அந்தச் சோதனைக் கருவி அட்டையை மட்டும்தான் வெட்டுகிறது என்பதும் உண்டு. அதற்கு மீன் தலை தெரியாது, தேசிப்புளி தெரியாது, பலகை தெரியாது. அட்டைக்குள் கலந்த சிலிக்காவை மட்டும் எங்கள் ஊர்க் கத்திகளுக்கு நன்றாகத் தெரியும். பனை ஓலையிலும் மட்டையிலும் இயற்கையாகவே நுண்ணிய சிலிக்கா மணிகள் இருக்கின்றன. வேலிக்கு ஓலை வெட்டிய கத்தியைப் பார்த்தவர்களுக்கு ஷெஃபீல்டுக்குப் போக வேண்டிய தேவையில்லை. தோட்டத்திலிருந்து பிடுங்கிய மரவள்ளிக் கிழங்கைக் கழுவாமல் சீவினாலும் அதே வேலைதான் நடக்கும். செம்மண்ணில் படிக மணல் கலந்திருக்கிறது.

அந்தச் செம்மண்ணைப் பற்றி ஒரு பக்கத் தகவல். அது சிவப்பாக இருப்பதற்குக் காரணம் இரும்பொட்சைட்டு. நகைத் தொழிலில் மெருகிடப் பயன்படுகிற சிவப்புப் பொடியும் அதுவே. உரும்பிராய், நீர்வேலி, ஊரெழு என்று மண்வெட்டியில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வருகிற இந்த மண்ணில் இவ்வளவு இரும்பு கரைந்து கிடந்தும், குடாநாட்டில் உருக்கியெடுக்கும்படியான இரும்புத் தாது கிடையாது. தெற்கே, பலாங்கொடைப் பக்கம் சமனலவாவிப் பகுதியின் மேற்கு நோக்கிய மலைச்சரிவுகளில், பருவக்காற்றையே துருத்தியாக வைத்து உருக்கு எடுத்த உலைகளை ஜில் ஜூலெஃப் அகழ்ந்து, 1996இல் நேச்சர் இதழில் எழுதினார். 7ஆம் நூற்றாண்டிலிருந்து 11ஆம் நூற்றாண்டுவரையான உலைகள் அவை. ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூலிலும் கண்டிநாட்டு இரும்பு, உருக்குத் தொழில் பற்றிய பகுதி உண்டு. கலைக்குள் வருவதற்கு முன் அவர் இந்தத் தீவின் கனிமங்களை அளந்துகொண்டிருந்த புவியியலாளர். அந்த உலைகள் எல்லாம் இங்கிருந்து தூரம். எங்களுக்கு இரும்பு எந்தக் காலத்திலும் வெளியிலிருந்து வந்த பொருள். அன்றைக்குத் தோணியில், இன்றைக்கு ஓடி முடிந்த லொறிக்குக் கீழே. இரும்புதான் இல்லை, தீட்டுவதற்குக் கல்லாவது இருக்கிறதா என்றால், அதுவும் இல்லை. எங்கள் காலுக்குக் கீழே இருப்பது சுண்ணக்கல். மோஸ் அளவில் அதன் வன்மை 3தான். தோய்த்த உருக்கு அதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. கத்தியை அதில் உரசினால் கல்தான் தேயும். ஆனால் கிழக்கே, அம்பன், வல்லிபுரம், மணற்காடு பக்கம் காற்று குவித்துவைத்த வெள்ளை மணல் படிகமணல். அதன் வன்மை 7. அந்த மணல் கலந்த சீமெந்தால் பூசிய கிணற்றுக்கட்டு, வீட்டுப்படி, துவைக்கிற கல், இவைதான் எங்கள் தீட்டுக்கற்கள். அநேகமாக ஒவ்வொரு பழைய வீட்டுக் கிணற்றடியிலும் கத்தி தேய்த்து வழவழத்துப்போன ஒரு குழி இருக்கும். போர்க்கால இடப்பெயர்வுகளுக்குப் பிறகு திரும்பிவந்தபோது கூரை போன வீடுகளில்கூட அந்தக் குழி அப்படியே கிடந்ததைக் கண்டிருக்கிறேன். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுதும் தெருவில் இறங்கியபோது கத்தியை எடுத்துக்கொண்டு போனவர்கள் உண்டு. தீட்டுகிற இடத்தை எப்படி எடுத்துப்போவது?

இந்த ஊரில் மிக மெல்லிய கோணம் எவரிடம் இருந்தது என்று கேட்டால் சந்தேகமே இல்லை, பாளைக்கத்தியில். பாளையின் நுனியை ஒவ்வொரு முறையும் தாள் தடிப்பில் சீவ வேண்டும். கூர் குறைந்தால் வெட்டுவாய் நசுங்கி, நுண்குழாய்கள் அடைபட்டுக் கள் சுரப்பது குறையும். கூடச் சீவினால் பாளை கெதியாக முடிந்துபோகும். பருவத்தின் வருமானமும் முடியும். இந்தக் கத்திக்கு எலும்பு இல்லை, பலகை இல்லை, மணல் இல்லை, இளம் பாளை மட்டும்தான். ஆகவே அதன் விளிம்பு சவரக்கத்தியை நெருங்கும். அது எவ்வளவு நாள் கூர் நிற்கும் என்ற கேள்விக்கு அங்கே இடமே இல்லை. நாளுக்கு இரண்டு தரம் ஏறுகிறவர் நாளுக்கு இரண்டு தரமாவது தீட்டுவார். பலகையில் மணற்பொடி தூவி, முன்னும் பின்னுமாக, கதைத்துக்கொண்டே. கண் கத்தியில் இருக்காது. பாகை அளக்கிற எந்தக் கருவியும் அந்த மணிக்கட்டுக்குப் புதிதாக ஒன்றும் சொல்லப்போவதில்லை. கூர் நிற்பதைப் பற்றி நான் வைத்திருந்த மரியாதை குலைந்தது இங்கேதான். கூர் நிற்க வேண்டும் என்று கேட்பவர் தீட்டுவதை ஒரு தொல்லையாகப் பார்க்கிறவர். தீட்டுவது வேலையின் பாதி என்றால், நிற்கிற கூரைவிட வேண்டிய நேரத்தில் வருகிற கூர்தான் முக்கியம். அதற்குக் கெதியாகத் தேய்கிற, கெதியாகத் தீட்டுப்படுகிற, அவ்வளவு வன்மையில்லாத இரும்பே தோது. இதை எழுதும்போதே ஒரு கூச்சம் வருகிறது. அந்தக் கைகளின் நுட்பத்தை இன்று நான் கட்டுரையில் மெச்சுகிறேன். அந்தக் கைகளுக்கு உரியவர்களை இந்த ஊர்கள் வீட்டுப் படலைக்கு உள்ளே விட்டதில்லை, கோயிலுக்குள்ளும் விட்டதில்லை. மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் 1968இல் நடந்த ஆலயப் பிரவேசப் போராட்டம் எங்கள் பெற்றோரின் காலத்துக் கதை. ஊரின் மிகக் கூரான விளிம்பு அந்தப் பாளை சீவுகிறவர்களின் இடுப்பில் இருந்தது. அதைக் கொண்டு அவர்கள் செய்தது பாளை சீவியது.

குசினிக்குத் திரும்பினால், அங்கே ஒரு பெரிய மாற்றம் சத்தமில்லாமல் நடந்து முடிந்திருக்கிறது. அம்மம்மாவின் காலத்தில் மீனோ மரக்கறியோ, பலகையில் பொருத்திய அரிவாளில்தான் வெட்டுவார்கள். ஒரு காலை மடித்துப் பலகையில் ஊன்றி இருந்துகொண்டு, இரண்டு கையாலும் பொருளைப் பிடித்து விளிம்பில் இழுப்பது. அங்கே இரும்பு அசையாது, கைதான் அசையும். இதில் ஓர் இயந்திர நுட்பம் இருக்கிறது, பாராட்டாமல் விடமுடியவில்லை. அந்த விளிம்பு ஒருபோதும் எதன்மேலும் போய் மோதுவதில்லை. காயைக் கடந்துபோனால் அப்பால் வெறும் காற்று. மேசைக்கத்தி ஒவ்வொரு வெட்டின் முடிவிலும் பலகையில் விழுகிறது. கத்தி மடிவதற்கு வெங்காயத்தைவிடப் பலகையே பெரிய காரணம். மேடைக் குசினி வந்து, நின்றுகொண்டு வெட்டத் தொடங்கியபோது இந்த மோதலும் கூடவே வந்தது. பலகை எடுக்கப் பஞ்சிப்பட்டு ரைல்ஸ் மேலேயே வைத்து வெட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். ரைல்ஸ் மேற்பூச்சு கத்தி இரும்பைவிட வன்மையானது என்றால் நம்பமாட்டார்கள். அரிவாளுக்கு மெதுவான இரும்பு போதுமாக இருந்தது. அதே இரும்பில் அடித்த கத்தி மேடையில் ஒரு கிழமை தாங்காதபோது, பழி கொல்லருக்குப் போனது. இப்போதைய இரும்பு பழைய இரும்பு இல்லை என்று. அரிவாளில் இருந்தெழும்ப முழங்கால் நோகிறது என்கிற அம்மாவிடம் போய் இந்தப் பௌதிகத்தைச் சொல்லிப் பயனில்லை, சொல்வதும் நியாயமில்லை. முழங்காலுக்கும் விளிம்புக்கும் இடையில் முழங்கால் வென்றது சரிதான்.

கூருக்கு நடக்கிற இன்னொரு அநியாயம் சைக்கிளில் வருகிறது. சாணைச் சக்கரத்தில் கத்தி பட்டுப் பொறி பறக்கிறபோது சிறுவர்கள் கூடிநின்று பார்ப்பார்கள், நானும் நின்றிருக்கிறேன். சாணை பிடித்த கத்தி நாலு நாளில் மொட்டையாகிவிடுகிறது என்று வீட்டில் முறைப்பாடு வரும். தண்ணீர் தொடாத சக்கரத்தில் நுனியின் அந்த மயிரிழை கணநேரத்தில் 300 பாகையைத் தாண்டிவிடும். கொல்லர் மஞ்சளில் நிறுத்திவைத்த வன்மை நீலத்துக்கு ஓடிவிடும். உடம்பு பழைய இரும்பு, விளிம்பு மட்டும் மெழுகு. அந்த மெழுகு தேய்ந்து, உள்ளே சூடேறாத இரும்பு வெளிவரும்வரை கத்தி சொன்னபடி கேட்காது. இதற்கு நேரெதிரான கதையும் உண்டு. 2020இல் சயன்ஸ் இதழில் அமெரிக்காவின் எம்ஐரி ஆய்வாளர்கள் எழுதினார்கள்: உருக்கைவிட ஏறத்தாழ ஐம்பது மடங்கு மெதுவான தலைமயிர்கூடச் சவர அலகில் சில்லு எடுக்கிறது. இரும்பின் உள்ளமைப்பு ஒரேசீராக இல்லாத இடத்தில், மயிர் ஒரு சாய்வில் வந்து முட்டினால் போதும். ஆக, மெதுவானது வன்மையானதைத் தோற்கடிக்கப் பலம் வேண்டியதில்லை, இடமும் கோணமும் கூடிவந்தால் சரி. இதில் ஆறுதல் தேடுகிற ஒரு மனநிலை எங்கள் ஊர்க்காரருக்கு எளிதாக வந்துவிடும் என்பதால், சவர அலகைப் பற்றியதாகவே இதை விட்டுவிடுகிறேன்.

கனடாவிலிருந்து மச்சாள் கொண்டுவந்த ஜப்பான் கத்திக்கு 61 என்று பெட்டியில் அச்சிட்டிருந்தது. தக்காளியில் வைத்தால் தன் பாரத்திலேயே இறங்கும். விளைமீன் தலையில் ஒருநாள் அதை அம்மா போட்டார். விளிம்பில் அரை வட்டமாக இரண்டு சில்லுப் போய்விட்டது. பட்டறைக்குக் கொண்டுபோனேன். கொல்லர் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சாமான் நல்ல சாமான் தம்பி. ஆனா உதில என்ர அரம் ஏறாது." அவர் சொன்னதில் குறையும் இல்லை, பொறாமையும் இல்லை. அரமும் அதே வன்மைக்குப் பக்கத்தில் இருக்கிற இரும்புதானே. கிணற்றுக்கட்டில் தேய்த்தால் மணல் பிடிக்கும், ஆனால் ஒரு மாதம் எடுக்கும். வைரப்பொடி ஒட்டிய தகடு ஒன்றைக் கொழும்பிலிருந்து எடுப்பித்து, பக்கத்துக்கு 15 பாகையாக இருந்ததை 20 ஆக்கினேன். சில்லுகளும் போயின, கத்தியின் அகலத்தில் கொஞ்சமும் போனது. அதற்குப் பிறகு பல்லுப் போகவில்லை. அம்மா ஒரு வெங்காயத்தை அரிந்து பார்த்துவிட்டு, "இப்ப எங்கட கத்தி மாதிரித்தான் வெட்டுது" என்றார். விளைமீனுக்கு அவர் இன்னும் ஸ்பிறிங் தகட்டைத்தான் எடுக்கிறார். வரும் ஆடிக்கு மச்சாள் திரும்பவும் வருகிறாள். கத்தி எப்படி என்று கட்டாயம் கேட்பாள்.